ஒரே கை, ஐந்து படி

ஈயத்தைத் தங்கமாக்க எத்தனை கைகள் வேண்டும்? ஒன்றே போதும்.

ஜாக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 2017-இல் வெளியிட்ட ‘ஓபஸ் மேக்னம்’ ரசவாதத்தைப் பொறியியலாக்கிய புதிர் விளையாட்டு. அறுகோணக் கட்டங்கள் கொண்ட பலகையில் இயந்திரக் கைகளைப் பொருத்தி, பிடி, விடு, திரும்பு என்று வரிசையாகக் கட்டளை கொடுக்க வேண்டும்.

அதில் பாதரசம் ஓர் உலோகத்தை ஒரு படி உயர்த்தும். ஈயம் வெள்ளீயமாகும், பிறகு இரும்பு, செம்பு, வெள்ளி, கடைசியில் தங்கம். ஐந்து படிக்கு ஐந்து துளி பாதரசம். சிக்கனமான வடிவமைப்பில் நடுவே ஒற்றைக் கை நிற்கிறது. அதைச் சுற்றியுள்ள ஆறே கட்டங்களில் ஈயம், பாதரசம், மாற்றும் தளம், தங்கம் சேருமிடம் எல்லாம் அடங்கிவிடுகின்றன. ஈயத்தைத் தளத்தில் வைத்த கையே ஐந்து முறை போய்ப் பாதரசம் கொண்டுவருகிறது, விளைந்த தங்கத்தையும் எடுத்துச் சேர்க்கிறது. கைக்கு 20, தளத்துக்கு 20. மொத்தச் செலவே 40 காசு! எதை எங்கே வைப்பது என்பதில்தான் கலை. ஈயத்தின் பாதையில் வேறோர் அணு கிடந்தால் மோதி, எல்லாம் நின்றுவிடும்.

இந்தக் கை மெதுவானதுதான். வேகம் வேண்டுவோர் கைகளைக் கூட்டுவார்கள், செலவும் ஏறும். செலவு, சுழற்சி, இடம் என்று மூன்றையும் ஆட்டம் தனித்தனியாக அளக்கிறது. அதனால் ஒரே புதிருக்குப் பல அழகான விடைகள். முடித்த இயந்திரத்தை ஓயாமல் சுழலும் ஜிஃப் படமாகவும் சேமிக்கலாம்.