ஒரு கைக்கு எத்தனை சதவீதம்?

சாலை விபத்தில் ஒருவர் இறந்துபோனால், குடும்பத்துக்கு எவ்வளவு இழப்பீடு என்பதை இன்று ஒரு இளம் வழக்கறிஞர்கூடத் தாளில் போட்டுப் பார்த்துச் சொல்லிவிடுவார். உயிர் தப்பிக் கையையோ காலையோ இழந்தவருக்கு எவ்வளவு கிடைக்கும் என்று அதே உறுதியோடு யாராலும் சொல்ல முடிவதில்லை. விபத்து இழப்பீட்டுச் சட்டத்தை எடைபோட வேண்டிய இடம் இதுதான்.

2009 ஏப்ரலில் சர்லா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வயதுக்கேற்ற பெருக்கியை, அதாவது ஆண்டு வருமானத்தைப் பெருக்க வேண்டிய எண்ணை, அட்டவணையாகவே கொடுத்தது. 15 முதல் 25 வயது வரை 18. 26 முதல் 30 வரை 17. இப்படியே இறங்கி, 65-ஐத் தாண்டியவர்களுக்கு 5. 2017 அக்டோபரில் பிரணய் சேத்தி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, எதிர்காலத்தில் கூடியிருக்கக்கூடிய வருமானத்துக்கும் விகிதம் வகுத்தது. 40 வயதுக்குட்பட்ட சுயதொழிலாளிக்கு வருமானத்தோடு 40 சதவீதம் சேர்க்க வேண்டும். ஒரே வயது, ஒரே கூலி, ஆனால் தீர்ப்பாயத்துக்குத் தீர்ப்பாயம் வேறு தொகை என்றிருந்த அநியாயத்தை இவ்விரு தீர்ப்புகளும் பெருமளவு குறைத்தன. அதில் எனக்குச் சந்தேகமில்லை.

காயமடைந்தவர் வழக்கில் கூடுதலாக ஒரு எண் தேவைப்படுகிறது: சம்பாதிக்கும் திறனில் எத்தனை பங்கு போயிற்று? சர்லா வர்மா தீர்ப்பை எழுதிய நீதிபதி ஆர்.வி.ரவீந்திரனே, 2010 அக்டோபரில் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் இதற்கும் வழி சொன்னார். உடல் ஊனத்தின் சதவீதமும் வருமான இழப்பின் சதவீதமும் ஒன்றல்ல. இடது கையை இழந்தவருக்கு ஊனம் 60 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அவர் தச்சராகவோ ஓட்டுநராகவோ இருந்தால் வருமான இழப்பு ஏறக்குறைய நூறு சதவீதம்; அரசு அலுவலக எழுத்தராக இருந்தால் வேலை தொடரலாம். தீர்ப்பில் உள்ள உதாரணமே இது.

தச்சரையே எடுத்துக்கொள்வோம். உளியை ஒரு கை பிடிக்க, மறு கை கொட்டாப்புளியால் அடிக்க வேண்டும். இழைப்புளி தள்ளவும் இரண்டு கை வேண்டும். அவருக்கு வயது 30, மாத வருமானம் 15,000 ரூபாய் என்போம். ஆண்டுக்கு 1,80,000. எதிர்கால உயர்வைச் சேர்த்தால் 2,52,000. பெருக்கி 17. முழு இழப்பு என்றால் 42,84,000 ரூபாய். மருத்துவச் சான்றிதழில் உள்ள 60 சதவீதத்தை அப்படியே எடுத்துப் போட்டால் 25,70,400. சட்டம் மாறவில்லை, காயம் மாறவில்லை. தொழிலைப் பற்றிக் கேட்காமல் விட்டதற்கு 17,13,600 ரூபாய் விலை.

தமிழ்நாட்டில் இதைவிடக் குறைவாகப் போகும் வழியும் உண்டு. ஊனத்தின் ஒவ்வொரு சதவீதத்துக்கும் 2,000, 3,000, பின்னர் 5,000 ரூபாய் என்று நிர்ணயிக்கும் முறை இங்கே நெடுங்காலமாகப் புழங்குகிறது. எலும்பு கூடி, பழைய வேலைக்கே திரும்பிய எழுத்தருக்கு அது பொருந்தும். வருமான இழப்பை நிரூபிக்கவில்லை என்று சொல்லி நம் தச்சரையும் அதில் தள்ளினால், சதவீதத்துக்கு 5,000 என்றாலும் கைக்குக் கிடைப்பது 3 லட்சம். சம்பளச் சீட்டே இல்லாத தொழிலில் இருப்பவரிடம் காகிதம் கேட்டு, அது இல்லை என்பதாலேயே அவர் இழப்பைச் சுருக்குவது எந்த நியாயத்திலும் சேராது.

காப்பீட்டு நிறுவனங்களின் வாதத்தையும் தள்ளிவிட முடியாது. காலுக்கு 45 சதவீத ஊனம் என்றால் அது உடல் முழுமைக்கும் 45 ஆகாது. சிகிச்சையே அளிக்காத மருத்துவர் தாராளமாக எழுதிக் கொடுக்கும் சான்றிதழ்களும் உண்டு. அவற்றை நம்பக்கூடாது என்று ராஜ்குமார் தீர்ப்பே எச்சரிக்கிறது. ஆகவே மெடிக்கல் போர்டுக்கு அனுப்பு என்று அவர்கள் கேட்பது நியாயமான கோரிக்கைதான். ஆனால் போர்டு சொல்லக்கூடியது மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்பதை. மரவேலை செய்ய முடியுமா என்பதை அல்ல. போர்டு தந்த எண்ணோடு விசாரணை முடிந்தால், பொய்ச் சான்றிதழ் ஒழிந்திருக்கும், தவறான கணக்கு அப்படியே இருக்கும்.

இந்தக் குறைக்குச் சட்டம் காரணமல்ல. மோட்டார் வாகனச் சட்டத்தின் 168-வது பிரிவு கேட்பது நியாயமான இழப்பீடு. 169-வது பிரிவு, விஷயம் தெரிந்த ஒருவரைத் தனக்கு உதவியாக அழைத்துக்கொள்ளத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் தருகிறது. தச்சர் வழக்கில் ஒரு மூத்த ஆசாரியையும், லாரி ஓட்டுநர் வழக்கில் ஒரு மோட்டார் வாகன ஆய்வாளரையும் அழைத்துக் கேட்க இதுவே போதும். வெறும் பார்வையாளராக இருக்காமல் தீர்ப்பாயமே கேள்வி கேட்டு உண்மையை அறிய வேண்டும் என்றுதான் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

சட்டத்தையே குறைசொல்ல ஓரிடம் உண்டு. 2019 திருத்தம், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போடவேண்டும் என்கிறது. 2022 ஏப்ரலில் இது அமலுக்கு வந்தது. இதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. இரண்டாவது அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருப்பவருக்கு ஆறு மாதம் போதாது. இந்தக் கெடு நீங்கத்தான் வேண்டும்.

என் முடிவு இது: உடலுழைப்பால் பிழைப்பவரின் வழக்கில் சதவீதத்துக்கு இவ்வளவு என்ற முறையை அடியோடு கைவிட வேண்டும், தொழிலை விசாரிக்காமல் எழுதப்பட்ட தீர்ப்பை மேல்முறையீட்டில் அந்தக் காரணத்துக்காகவே திருத்த வேண்டும். அதுவரை, காயமடைந்தவர் வீட்டாருக்கு ஒரு வார்த்தை. மருத்துவச் சான்றிதழோடு நிற்காதீர்கள். தொழிலாளர் நல வாரிய அட்டையைத் தாக்கல் செய்யுங்கள். கூட வேலை பார்த்தவர் ஒருவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, அந்த வேலைக்கு எந்த உறுப்பு எதற்குத் தேவை என்று சொல்ல வையுங்கள்.