ஒரு முக்கு போதுமா?

புதுப் பவளத்தை மருந்து கலந்த கடல்நீரில் ஐந்து, பத்து நிமிடம் முக்கித் தொட்டியில் வைத்தால் போதும் என்று பல கையேடுகள் சொல்கின்றன. எனக்கு உடன்பாடில்லை. அக்ரோபோரா பவளத்தைத் தின்னும் தட்டைப்புழுவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011-இல்தான் அதற்கு அறிவியல் பெயர் கிடைத்தது. முக்கினால் புழு கழன்று விழும், சரி. ஆனா முட்டை, சதை போன வெறும் எலும்புக்கூட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். வழக்கமான மருந்து அதைக் கொல்லாது. கிண்ணத்தில் நாலு புழு மிதந்ததும் நாம நிம்மதியாகிடுறோம்; சில வாரத்தில் முட்டை பொரிந்து, பல வருடம் வளர்த்த பவளங்களுக்கும் பரவிடும். முட்டையைச் சுரண்டணும், அடிப்பகுதியை வெட்டணும், தனித்தொட்டியில் வைத்து மறுபடி மறுபடி முக்கணும். இதைச் சொல்லாத கையேடு பாதிக் கையேடுதான்.