காரணம் பிந்தி வருகிறது

செகாவின் கடைசிக் கதையான 'மணப்பெண்' பற்றி இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. ஒன்று, அது விழிப்பின் கதை என்பது. சாஷா என்ற இளைஞன் நாத்யாவின் கண்களைத் திறக்கிறான். அவள் நிச்சயமான கல்யாணத்தை உதறிவிட்டுப் படிக்கப் போகிறாள். புதிய ருஷ்யா பிறக்கிறது. மற்றது இதற்கு மறுப்பாக எழுந்தது. கதையின் கடைசி வாக்கியத்தில், அவள் ஊரைவிட்டு ஒரேயடியாகப் போகிறாள் என்று சொல்லும் இடத்தில், அது அவளுடைய நினைப்பு மட்டுமே என்று தொனிக்கும்படி செகாவ் ஒரு சிறு சொல்லை இடையில் செருகியிருக்கிறார். ஆகவே எல்லாம் பரிகாசம், இவளும் ஒருநாள் திரும்பி வருவாள் என்கிறார்கள். இரு தரப்பாரும் கதையின் ஆரம்பப் பக்கங்களைத் தாண்டிக் குதித்துவிட்டுத்தான் பேசத் தொடங்குகிறார்கள்.

அந்தப் பக்கங்களில் இருப்பது இது. மே மாதம், இரவு 10 மணி, நிலவு. பாட்டி வீட்டில் நடத்திய வழிபாடு முடிந்து சாப்பாட்டு மேஜை தயாராகிக்கொண்டிருக்கிறது. நாத்யா தோட்டத்தில் நிற்கிறாள். வயது 23. 16 வயதிலிருந்தே கல்யாணத்துக்கு ஆசைப்பட்டவள். மாப்பிள்ளையையும் பிடித்துத்தான் இருக்கிறது. ஜூலை 7 என்று தேதி குறித்தாயிற்று. ஆனால் சந்தோஷமில்லை, ராத்திரி தூக்கமில்லை. கீழே சமையற்கட்டிலிருந்து கத்திகளின் சத்தமும், வேகும் வான்கோழியின் வாசனையும் வருகின்றன. ஆயுள் முழுக்க இப்படியே, மாறாமல், முடிவில்லாமல் போய்க்கொண்டிருக்கும் என்று அவளுக்குப் படுகிறது. அவ்வளவுதான். சாஷா இன்னும் வாயைத் திறக்கவில்லை.

அவன் திறக்கும்போது என்ன சொல்கிறான்? சமையற்கட்டில் வேலைக்காரர்கள் கட்டிலில்லாமல் தரையில் கிடக்கிறார்கள், மூட்டைப்பூச்சி, நாற்றம், 20 வருஷமாக எதுவும் மாறவில்லை, இந்த வீட்டில் யாரும் ஒரு வேலையும் செய்வதில்லை. எல்லாம் நிஜம்தான். ஆனால் இதையே அவன் கோடைதோறும் மாஸ்கோவிலிருந்து வந்து சொல்லியிருக்கிறான். நாத்யாவுக்கு அலுப்புத் தட்டுகிறது. புதிதாக ஏதாவது யோசிக்கக்கூடாதா என்றுகூடக் கேட்டுவிடுகிறாள். அன்றிரவு 2 மணிக்கு விழித்துக்கொண்டு, காவல்காரன் தட்டும் ஓசையைக் கேட்டபடி, தன் பாரத்துக்குக் காரணம் தேடுகிறாள். கல்யாணம் நெருங்கும்போது எல்லாப் பெண்களுக்கும் இப்படித்தான் இருக்குமோ? சாஷாவின் பாதிப்போ? ஆனால் அவன் வருஷக்கணக்காக ஒப்பிப்பது ஒரே பாடத்தைத்தானே? பிறகு ஏன் அவன் தலைக்குள்ளிருந்து போகமாட்டேன் என்கிறான்?

கதையின் உயிர் இந்தக் கேள்வியில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. சொற்கள் அதே சொற்கள். மாறியிருப்பது கேட்கிற செவி. சாஷாவின் பேச்சு அவளிடம் எதையும் விதைக்கவில்லை. ஏற்கெனவே உள்ளே இருந்துகொண்டு பெயரில்லாமல் தவித்த ஒன்று, கைக்கெட்டிய முதல் பாஷையைப் பிடித்துக்கொண்டது. பக்கத்தில் சாஷா இருந்தான், அவனுடைய பாஷை கிடைத்தது. செகாவ் வைத்தியர் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். வியாதியின் பெயர் தெரியும் வரை உடம்பு காத்திருப்பதில்லை என்று அறிந்தவர்.

கல்யாணத்துக்குப் பிறகு குடியிருக்கப் போகும் வீட்டைப் பார்க்கப் போகும் பகுதி இதனால்தான் அத்தனை ஸ்தூலமாக இருக்கிறது. பளபளக்கும் தரை, பெயிண்ட் வாசனை, தங்கச் சட்டத்துக்குள் ஒரு நிர்வாணப் பெண், அவளருகே பிடி உடைந்த ஊதா ஜாடி. அந்திரேய் அந்திரேயிச் மெய்மறந்து ரசிக்கிறான். தன் இடுப்பைச் சுற்றியுள்ள அவன் கை நாத்யாவுக்கு இரும்பு வளையம்போல் இருக்கிறது. அவன்மேல் பிரியமில்லை, ஒருவேளை என்றுமே இருந்ததில்லை என்பது அந்த அறையில்தான் அவளுக்குத் தெளிவாகிறது. அதை யாரிடம், எப்படி, எதற்காகச் சொல்வது என்பது அப்போதும் தெரியவில்லை. அறிவு தவணை முறையில் வருகிறது. இப்ஸனின் நோரா (1879) கதவைச் சாத்திக்கொண்டு போகுமுன் கணவனை உட்காரவைத்து எல்லாக் காரணங்களையும் எடுத்துவைத்துவிடுகிறாள். மேடைக்கு அது தேவைதான். நாத்யாவோ பெட்டியைக் கட்டும்போதுகூட அப்படி ஒரு பிரசங்கத்தைச் செய்யமுடியாதவள். பீட்டர்ஸ்பர்க்கில் அவள் என்ன படித்தாள் என்பதைக்கூடக் கதை சொல்லவில்லை. ரில்கேயின் அப்பல்லோ சிலைக் கவிதையும் (1908) முடியும் இடத்தில் பார்ப்பவனுக்கு ஒரு கட்டளையை மட்டும் இட்டுவிட்டு, செய்யவேண்டியது இன்னதென்று கூறாமல் நின்றுவிடுகிறது.

1903-ல் யால்டாவில் இந்தக் கதையைப் பற்றிப் பேச்சு வந்தபோது, பெண்கள் புரட்சிக்குப் போவது இப்படியல்ல என்று தான் ஆட்சேபித்ததாகவும், போகும் வழிகள் பலவிதம் என்று செகாவ் பதில் சொன்னதாகவும் வெரஸாயெவ் தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். வெரஸாயெவுக்கு வழிகாட்டிப் பலகை வேண்டியிருந்தது. நமக்கும் வேண்டியிருக்கிறது. வாரப் பத்திரிகைக் கதைகளில் மனமாற்றம் கடைசிப் பத்தியில் காரணத்தோடு வந்து சேர்வதை நாம் கேலி செய்கிறோம். ஆனால் சிறுபத்திரிகையில் எழுதுகிற நாம் மட்டும் என்ன? இருத்தலியம், மார்க்ஸியம், அமைப்பியல் என்று ஒவ்வொன்றும் நம்மை வந்து மாற்றியதாகத்தான் வரலாறு எழுதிக்கொள்கிறோம். எந்தத் தூக்கமில்லாத இரவு அந்தப் புத்தகத்தைக் கையில் எடுக்க வைத்தது என்று ஒருவரும் எழுதுவதில்லை. அதனால்தான் புத்தகம் பழசானதும், மாறியதே பொய் என்று சொல்லிக் கசந்துபோகிறோம்.

நாத்யா கசந்துபோவதில்லை. ஒரு வருஷம் கழித்து, பரீட்சை முடிந்து வரும் வழியில், மாஸ்கோவில் சாஷாவைப் பார்க்கிறாள். புகை படிந்த அறை, இருமல். அவன் பேச்சு, சிரிப்பு எல்லாம் காலாவதியாகிவிட்டதாகத் தெரிகிறது. அவனுக்காக அழுகிறாள், அவனிடம் பட்ட கடனை மறுக்கவுமில்லை. கொஞ்ச நாளில் சராத்தவிலிருந்து அவன் க்ஷயரோகத்தில் செத்துப்போன தந்தி வருகிறது. (அதே நோயோடுதான் செகாவ் இந்தக் கதையை எழுதினார், அச்சில் வந்த மறுவருஷம் இறந்துபோனார்.) சாஷாவின் சொற்கள் உதிர்ந்துவிட்டன. ஆனால் மே மாத இரவில், தோட்டத்தில், காரணமில்லாமல் வந்த அந்தப் பாரத்தை எதுவும் பொய்யாக்கவில்லை.

என் வாதத்துக்கு உறுத்தலாக இருப்பவள் தாயார் நீனா இவானவ்னா. அவளுக்கும் தூக்கமில்லை. ஆவிகளோடு பேசுவது, ஹோமியோபதி என்று அவளும் இரவல் பாஷைகளைத் தேடி வைத்திருக்கிறாள். கடைசியில் வாழ்க்கையை ஏழு நிறங்களாகப் பிரித்துப் பார்க்கும் ஒரு தத்துவம்கூட அகப்படுகிறது. ஒரு ராத்திரி, தனக்கும் வாழ ஆசையிருக்கிறது என்று மகளிடம் வெடித்து அழுகிறாள். ஆனாலும் போவதில்லை. உள்ளே தவிப்பும் வெளியே சொல்லும் சந்தித்தால் மட்டும் போதாது போலிருக்கிறது. செகாவ் விளக்கம் தரவில்லை. ஒரு தகவலை மட்டும் நாத்யாவின் நினைவோட்டத்தில், போகிற போக்கில், வைத்துவிட்டுப் போகிறார்: செத்துப்போன கணவனை அவள் நேசித்ததில்லை, கையில் சொந்தமாக எதுவும் கிடையாது, மாமியார் வீட்டில் அவள் தயவில் காலம் தள்ளுகிறாள். அந்த மாமியார்தான் நாத்யாவின் பாட்டி, முதல் பக்கத்தில் பட்டு உடையில் சாப்பாட்டு மேஜையைச் சுற்றிப் பரபரத்துக்கொண்டிருந்தவள்.