செம்பில் கீறிய முகம்

மனித முகத்துக்கு அமிலத்தைவிட ஊசியே பொருத்தம் என்பதற்கு முகுல் தேயின் (1895–1989) உருவப்படங்கள் சான்று. 1916-ல் தாகூருடன் ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் போன இந்த வங்க ஓவியர், தகட்டில் கோடிட்டு மையிட்டுத் தாளில் அச்சிடும் எட்சிங் முறையைச் சிகாகோவில் கற்றார். எட்சிங்கில் மெழுகு பூசிய செப்புத்தகட்டின் மேல்பூச்சைக் கீறினால் போதும். ஆழத்தை அமிலம் பார்த்துக்கொள்ளும். அமிலமே இல்லாத டிரைபாயிண்ட் முறையில் எஃகு ஊசி செம்பையே கிழிக்கிறது. ஏர் ஓடிய சாலின் ஓரம் மண் ஒதுங்குவதுபோல் கோட்டருகே உலோகப் பிசிறு எழுகிறது. அதில் தங்கும் மைதான் தாடிக்கும் இமைக்கும் புகைந்த கருமையைத் தருகிறது. தாகூரையும் காந்தியையும் அவர் இம்முறையில் வரைந்த படங்களில் கை அழுத்திய இடமும் தயங்கிய இடமும் தெரிகின்றன.

புகைப்படம் இருக்க இது எதற்கு என்பார்கள். புகைப்படம் ஒரு நொடியை எடுக்கிறது. இங்கோ எளிதில் அழிக்க முடியாத ஒவ்வொரு கோடும் அந்த முகத்தைப் பற்றி ஓவியர் எடுத்த முடிவு. அச்சில் பிசிறு விரைவில் நசுங்கிவிடும், நல்ல பிரதிகள் சில பத்துகூடத் தேறாது என்பது வலுவான ஆட்சேபம். உண்மைதான். ஆனால் அந்தச் சிலவற்றில் இருக்கும் உயிர்ப்பு ஆயிரம் பிரதிகளில் கிடைக்காது.

இத்தகைய அச்சுகளை நேரில் பார்க்க வேண்டுமா? கூடுவாஞ்சேரியில் மின்சார ரயிலேறிச் சென்னை எழும்பூரில் இறங்கினால், 1850-ல் தொடங்கிய கவின்கலைக் கல்லூரி அருகில்தான். அச்சோவியம் அங்கே தனிப் பாடம். மாணவர் காட்சியில் முகம் ஏதேனும் கண்ணில் பட்டால் கோட்டின் ஓரத்தைப் பாருங்கள்: கருமை கசிந்திருந்தால் டிரைபாயிண்ட், துல்லியமாக முடிந்திருந்தால் எட்சிங்.