தேதி இல்லாத வானம்

கரிசல் வீடுகளின் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரை ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். கீழே கிழிக்கிற தாள். அதில் தமிழ் மாதம், நாள், நட்சத்திரம், ராகு காலம், எமகண்டம் எல்லாம் இருக்கும். மேலே அட்டையில் படம்: மயில்மேல் முருகன், அல்லது தாமரையில் லட்சுமி. தெய்வத்துக்குப் பின்னால் வானம் இருக்கும். அடிவானத்தில் ரோஜா நிறம், அதற்கு மேல் இளமஞ்சள், பிறகு நீலம், ஓரத்தில் இரண்டு உருண்டை மேகம். சித்திரை வெயிலிலும் அதே வானம். ஐப்பசி அடைமழையில் சுவர் ஓதம் ஏறி நிற்கும்போதும் அதே வானம். கீழே ஒவ்வொரு நாளும் கிழிந்து போகிறது. மேலே ஒரு நாள்கூட நகரவில்லை.

இந்த வானத்தில் பெரும்பகுதி எங்கள் பக்கத்தில் வரையப்பட்டது. சி. கொண்டையராஜு 1898இல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, திருவண்ணாமலையில் ரமணரின் ஆசிரமத்தில் சில காலம் இருந்து, பிறகு நாடகக் கம்பெனிகளுக்குப் படுதா வரைந்துகொண்டே ஊர் ஊராகப் போனவர். 1940களின் தொடக்கத்தில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். அவரும் டி.எஸ். சுப்பையா, ராமலிங்கம் முதலான சீடர்களும் தேவி ஆர்ட் ஸ்டூடியோவில் வரைந்த படங்கள் சிவகாசியில் அச்சாகி, பூஜையறை இருக்கிற ஊருக்கெல்லாம் போயின. 1976இல் கொண்டையராஜு மறைந்தார். கனடாவைச் சேர்ந்த ஸ்டீபன் இங்லிஸ் என்ற ஆய்வாளர் 1995இல் இவர்களைப் பற்றி விரிவாக எழுதினார். நம்முடைய ஓவிய வரலாறுகளில் இன்னும் இவர்களுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம்.

காலண்டர் வானத்துக்கு ஏன் பருவம் இல்லை? விடை படுதாவில் இருக்கிறது என்று நினைக்கிறேன். நாடகப் படுதாவின் வானம் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரிய வேண்டும். வள்ளி தினைப்புனம் காக்கும்போதும் அதுதான் பின்னால் தொங்கும், அரிச்சந்திரன் மயானம் காக்கும்போதும் அதுதான். எல்லாப் பொழுதுக்கும் பொதுவான வானம் எந்தப் பொழுதுக்கும் உரியதாக இருக்க முடியாது. அந்தக் கை காலண்டருக்கு வந்தபோது வானத்தையும் கூடவே கொண்டுவந்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. தெய்வத்துக்குப் பின்னால் சாயங்கால இடிமேகத்தை வைத்தால் கும்பிடுகிறவர் கண் எங்கே போகும் என்று கொண்டையராஜுவுக்குத் தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. சிவகாசியிலும் கோவில்பட்டியிலும் தீப்பெட்டித் தொழிலும், சிவகாசியில் அச்சும் வேர் பிடித்ததற்கு மழை குறைந்த வறண்ட காற்று ஒரு காரணம். தீக்குச்சி காய வேண்டும், அச்சு மை காய வேண்டும், தாள் நமுக்கக் கூடாது. மேகம் ஏமாற்றிய பூமியில்தான் இத்தனை லட்சம் மேகங்கள் அச்சாயின.

ஓவியத்தில் இன்னொரு வகை வானம் உண்டு. உள்ளங்கை இரண்டை விரித்த அகலத்துக்குள் ஒரு போர்டிலோ தாளிலோ, எண்ணெய் வண்ணத்தில், அண்ணாந்து பார்த்து அரை மணிக்குள் தீட்டி முடிப்பது. தெய்வம் இல்லை, மனிதர் இல்லை, பல சமயம் தரைகூட இல்லை. ஐரோப்பாவில் இதை ஒரு பயிற்சியாக வகுத்தவர்களில் பிரான்சின் வலன்சியென் முக்கியமானவர். 1800இல் வெளிவந்த அவருடைய நூல், இயற்கையைப் பார்த்துத் தீட்டும் சிறுபடத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்றும், சூரியன் எழும்போதும் சாயும்போதும் அரை மணியே அதிகம் என்றும் சொல்கிறது. அதற்கு மேல் போனால் வெளிச்சம் மாறிவிடும், இரண்டு வேறு பொழுதுகள் ஒரே படத்தில் ஏறிவிடும்.

ஆனால் என் மனசுக்கு நெருக்கமானவர் இங்கிலாந்தின் ஜான் கான்ஸ்டபிள். 1821, 1822 ஆகிய இரண்டு ஆண்டுகளில் லண்டனுக்கு வடக்கே ஹாம்ப்ஸ்டெட் மேட்டில் நின்று வானத்தை மட்டும் பல டஜன் படங்களாகத் தீட்டினார். எண்ணெய் வண்ணம்தான், பெரும்பாலும் தாளின்மேல். இன்று அவற்றைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது அவற்றின் பின்பக்கத்தை. பல படங்களின் முதுகில் நாள், மணி, காற்றின் திசை, மழை பெய்ததா வெறித்ததா என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். ஜான் தார்ன்ஸ் என்ற வானிலை அறிஞர் இந்தக் குறிப்புகளை அக்கால வானிலைப் பதிவுகளோடு ஒப்பிட்டு 1999இல் ஒரு நூலே எழுதினார். ஓவியம் சாட்சியாக நின்றது.

கான்ஸ்டபிள் மாவு ஆலைக்காரரின் மகன். காற்றாலை சுற்ற வேண்டுமென்றால் காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது, மேகம் எப்போது வரும் என்று பார்த்தே ஆக வேண்டிய குடும்பம். ரசனைக்காக அண்ணாந்தவர் இல்லை, பிழைப்புக்காக அண்ணாந்தவர்களின் பிள்ளை. இந்த ஒரு செய்தி அவரை எங்கள் சம்சாரிகளுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைக்கிறது.

அவருக்கு இருபது வருஷம் முன்னால், 1802 டிசம்பரில், லூக் ஹோவர்ட் என்ற லண்டன் மருந்து வணிகர் மேகங்களுக்குப் பெயர் வைத்து ஓர் உரை நிகழ்த்தினார். இன்று நம் பள்ளிக்கூடப் பாடத்தில் கீற்று மேகம், திரள் மேகம், படை மேகம் என்று படிப்பதெல்லாம் அந்த வரிசையின் வழி வந்தவை. நமக்கும் ஒரு வரிசை இருந்தது. சம்வர்த்தம், ஆவர்த்தம், புட்கலாவர்த்தம், சங்காரித்தம், துரோணம், காளமுகி, நீலவருணம் என்று ஏழு மேகங்கள். ஒன்று மணி பொழியும், ஒன்று பொன், ஒன்று பூ, ஒன்று கல். ஹோவர்ட் மேகத்தின் உருவத்தைப் பார்த்துப் பெயர் வைத்தார். நாம் அது என்ன தரும் என்பதைப் பார்த்து வகை பிரித்தோம். பசித்தவர்கள் போட்ட வரிசை.

இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ‘கொண்டல்’ என்ற சொல். தமிழில் அது மேகத்துக்கும் பெயர், கீழைக்காற்றுக்கும் பெயர். வடகிழக்குப் பருவத்தில் மழைமேகம் கடலிலிருந்து அந்தக் காற்றோடுதான் ஏறி வருகிறது. கான்ஸ்டபிள் படத்தின் முதுகில் தனியே எழுத வேண்டியிருந்ததை நம் மொழி சொல்லுக்குள்ளேயே வைத்திருக்கிறது.

தேதி குறித்து வானம் பார்ப்பதும் நமக்குப் புதிதில்லை. மார்கழி நடுவில், சூரியன் பூராட நட்சத்திரத்தில் இருக்கும் சுமார் பதினான்கு நாட்களைக் கர்ப்போட்டம் என்று பஞ்சாங்கம் குறிக்கும். மேகம் சூல் கொள்ளும் காலம். அன்றன்று மேகம் எந்தப் பக்கம் ஓடுகிறது, மந்தாரமாக இருந்ததா, தூத்தல் விழுந்ததா, எத்தனை மணிக்கு என்று கவனித்து, வரப்போகும் மழைக்காலத்தின் நாட்களோடு அதைப் பொருத்துவார்கள். இந்த எண்ணம் மிகப் பழையது. ஆறாம் நூற்றாண்டு வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையில் மேகங்களின் கருவுக்குத் தனி அத்தியாயமே உண்டு. சூல்கொண்ட நாளிலிருந்து 195ஆம் நாள் மழையாகப் பிரசவிக்கும் என்று அது கணக்கிடுகிறது. அது பலிக்குமா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. பதினான்கு நாள், நாள் தவறாமல், ஓர் ஊரே அண்ணாந்து பார்த்து மனசில் குறித்துக்கொண்டது. அந்தப் பார்வைதான் எனக்குப் பெரிது.

ஆக, கரிசலில் தேதியோடு வானம் பார்க்கிற கண் இருந்தது. அதே கரிசலில் வானம் வரைகிற கையும் இருந்தது. இரண்டும் ஓவியத்தில் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை.

எழுத்தில் சந்தித்துவிட்டன. இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும், பிறகு பூமணியும் சோ. தர்மனும் இந்த வெக்கையையும் காற்றையும் கண்மாயையும் எழுதினார்கள். கி.ரா. தொகுத்த கரிசல் வட்டார வழக்கு அகராதி 1982இலேயே வந்துவிட்டது. கோவில்பட்டியின் வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901இல் தொடங்கியது. அங்கே மானாவாரிப் பயிருக்கும் பருத்திக்கும் மழைக் கணக்கு உண்டு. சொல் இருக்கிறது, எண் இருக்கிறது. நிறம் இல்லை.

வெளியிலிருந்து வந்தவர்களும் இங்கே நிற்கவில்லை. தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் இருவரும் 1792இல் மதுரை வழியாகத் தென்கோடிக்குப் போனார்கள். பாபநாசம் அருவியைப் படமாக்கினார்கள். நடுவில் கிடந்த இந்தப் பொட்டல் அவர்கள் கண்ணை இழுக்கவில்லை. சென்னை ஓவியப் பள்ளி 1850இல் தொடங்கியது. 1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக வந்தார்; அவரிடம் படித்த கே.சி.எஸ். பணிக்கர் தொடக்கத்தில் அருமையான நீர்வண்ண நிலக்காட்சிகளைச் செய்தவர். 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாகும்போது அவரும் அவரோடு இருந்தவர்களும் கோடு, எழுத்து, குறியீடு என்று வேறு பக்கம் திரும்பிவிட்டார்கள். அதில் நமக்குக் கிடைத்தவை பெரிய படைப்புகள். வானம் பார்த்து வரைவது மட்டும் மாணவப் பருவத்துப் பயிற்சி என்று பின்தங்கிப்போனது.

புதூர் பக்கத்தில் நான் சில வருஷங்களாக இதைச் செய்துவருகிறேன். விளாத்திகுளம் தாலுகாவில், மழைக்கு முன் உழுது போட்ட கரிசல் நடுவே, ஆறுக்கு எட்டு அங்குலப் போர்டுகளோடு. தச்சுப் பட்டறையில் மிஞ்சும் ஹார்டுபோர்டு துண்டுகள் இதற்குப் போதும். பிரைமர் இரண்டு கை பூசி, காய்ந்ததும் மெல்லிய காவி ஒரு கை. வெள்ளையும் அல்ட்ராமரைன் நீலமும் காவியும் கருஞ்சிவப்பும் இருந்தால் எங்கள் வானத்தில் முக்கால்வாசியைக் கலக்கிவிடலாம்.

சித்திரையில் காலையில் வேலை இல்லை. வானம் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி வெளுத்துக் கிடக்கும். பதினொரு மணிக்குப் பஞ்சு பிய்த்துப் போட்டாற்போல ஒன்றிரண்டு. மூன்று மணிக்கு அவை கோபுரமாக எழும்பி, தலை தட்டையாக விரியும். இங்கேதான் முதல் பாடம் கற்றேன். வெயில் படும் பக்கம் வெள்ளை இல்லை. அதில் காவி ஒரு துளி சேராவிட்டால் சுண்ணாம்பு அடித்த சுவராகிவிடும். மேகத்தின் அடிவயிறும் இங்கே மற்ற ஊர்களைவிடக் கருத்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. கடற்கரை மணல் வெளிச்சத்தைத் திருப்பி மேலே வீசும். கரிசல் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கும். திருப்பித் தராத மண்ணுக்கு மேலே நிற்கிற மேகம் கீழ்ப்பக்கம் இருளத்தானே செய்யும்.

ஆனி, ஆடி மேகாத்து. மலை தாண்டி, ஈரத்தை அந்தப் பக்கமே இறக்கிவிட்டு வரும் மேல்காற்று. கயத்தாறு பக்கத்துக் காற்றாலைகளுக்கு அதுதான் அறுவடை. மேகங்கள் கிழிந்த துணியாகக் கிழக்கே ஓடும். ஒன்றைப் பார்த்துத் தீட்டத் தொடங்கினால் மூன்றாவது பிரஷ் வீச்சில் அது போய்விட்டிருக்கும். அதனால் ஒரு மேகத்தை வரைய முடியாது. ஓட்டத்தைத்தான் வரைய வேண்டும். பிரஷ்ஷைக் காற்று போகும் திசையிலேயே இழுக்கப் பழக வேண்டும். டர்பன்டைன் கிண்ணத்திலேயே வற்றும். புழுதி பறந்து ஈர வண்ணத்தில் ஒட்டும். முதல் வருஷம் அதை ஊசியால் எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது எடுப்பதில்லை. ஆடி மாதப் போர்டுகளைத் தொட்டால் நெறுநெறுவென்று இருக்கும். அந்தக் காற்றின் மண் அதிலேயே இருக்கிறது.

ஆவணி, புரட்டாசியில் சாயங்கால மின்னல். தூரத்தில் எங்கோ பெய்யும், இங்கே வாசம் மட்டும் வரும். புழுதியில் விதைத்துவிட்டுக் காத்திருக்கும் நாட்கள் இவை. இந்த மாதங்களில்தான் பக்கத்து வயல்காரர்கள் என் போர்டை எட்டிப் பார்ப்பார்கள்.

ஐப்பசி வந்தால் உருவம் எல்லாம் போய்விடும். ஆண்டு மழை சுமார் 700 மி.மீ. என்றால் அதில் பாதிக்கு மேல் இந்தப் பருவத்தில்தான். வானம் முழுக்க ஒரே சாம்பல். புதிதாக வரைபவர்கள் இதை வரைய ஒன்றுமில்லை என்று விட்டுவிடுவார்கள். எனக்கு இதுதான் கடினமானது, பிடித்தமானது. அந்தச் சாம்பலுக்குள் பச்சை சாய்ந்தது ஒன்று, ஊதா சாய்ந்தது ஒன்று, கீழே நனைந்த மண் எல்லாவற்றையும்விடக் கறுப்பு. நீலத்தையும் கருஞ்சிவப்பையும் கலந்தே இந்தச் சாம்பலை எடுக்க வேண்டும்; கறுப்பு டியூபைத் திறந்தால் படம் செத்துவிடும். எண்ணெய் காய நாள்கணக்கில் ஆகும். ஈரப் போர்டுகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் வைக்க, உள்ளே சட்டம் அடித்த மூடிப் பெட்டி ஒன்று செய்துகொண்டேன்.

மார்கழிப் பனியைப் பற்றியும் மாசி, பங்குனியில் பருத்தி எடுக்கும் காலத்துத் துடைத்த வானத்தைப் பற்றியும் சொல்ல என்னிடம் அதிகமில்லை. அந்த மாதங்களில் நான் போதுமான படங்கள் செய்யவில்லை.

ஒவ்வொரு போர்டின் முதுகிலும் ஊர், தமிழ்த் தேதி, மணி, காற்று எழுதுவேன். போன ஐப்பசியில் ஒரு பெரியவர், அந்த நிலத்துக்காரர், காய வைத்திருந்த போர்டைத் திருப்பிப் பார்த்தார். ‘ஐப்பசி 9, பிற்பகல் 3.40, கொண்டல்’ என்று எழுதியிருந்தது. மறுபடி படத்தைத் திருப்பினார். வெகுநேரம் பார்த்தார்.

“தம்பி, இது கொண்டல்ல வந்தது இல்ல. அன்னைக்கு மத்தியானத்துக்கு மேல வாடை திரும்பிருச்சு. நீங்க மேகத்தச் சரியாத்தான் போட்டிருக்கீக. எழுதினதுதான் தப்பு.”

அவர் முன்னாலேயே பென்சிலால் கொண்டலை அடித்துவிட்டு வாடை என்று எழுதினேன்.