வெந்துபோக வேண்டிய வீரன்

மின்னலாய் ஓடும் வீரன் திடீரென்று 1000 பவுண்டு எடையுள்ளவனாகிவிட்டால்? 1960-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'தி பிளாஷ்' சித்திரக்கதையின் 115-ஆம் இதழ் கூறும் கதை இது. குரோட் என்னும் கொரில்லாவின் சூழ்ச்சியால் அவன் உடல் காற்றின் ஈரத்தை உறிஞ்சி ஊதிவிடுகிறது.

சிரித்து ஒதுக்கிவிடாதீர்கள். எடை எங்கிருந்து வந்தது என்று கதாசிரியர் ஜான் புரூம் எண்ணிப் பார்த்திருக்கிறார். பொருள் வெறுமையிலிருந்து தோன்றாது அல்லவா? ஆனால் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டார்.

1000 பவுண்டு என்பது ஏறத்தாழ 454 கிலோகிராம். வீரனின் சொந்த எடை 80 என்று கொண்டால், சேர்ந்த நீர் 374 கிலோகிராம். 30 டிகிரி செல்சியஸில் ஈரம் நிறைந்த ஒரு கனமீட்டர் காற்றிலும் சுமார் 30 கிராம் நீராவியே உண்டு. ஆகவே 12,000 கனமீட்டருக்கு மேற்பட்ட காற்றை அவன் உலர்த்தியாக வேண்டும்!

அதுமட்டுமா? ஒரு கிலோகிராம் நீராவி நீராகும்போது ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் வெளிப்படும். அந்த நீரைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவர 70 போதும். வீரன் பருக்குமுன் வெந்திருப்பான்!

கொரில்லா சூழ்ச்சி செய்யட்டும்; அது கற்பனை. ஆனால் விளக்கம் என்று ஒன்று வந்தால், நீங்கள் பென்சிலைக் கையில் எடுங்கள்.