மொழியும் தொகுப்பியும்: ஹாஸ்கல் குறித்து ஒரு நோக்கு

செய்நிரல் மொழியொன்றின் தொகுப்பிகளை ஒப்பிடுவோர் பெரும்பாலும் வேகத்தையே அளவுகோலாகக் கொள்வர். பயனுள்ள அளவுகோல்தான்; ஆயின் மொழி எவர் கையில் உள்ளது என்னும் வினாவை அது மறைத்துவிடுகின்றது. சார்புமுறை மொழியாகிய ஹாஸ்கலின் வரலாறு இவ்வகையில் ஆராயத்தக்கது.

1987 இல் அமெரிக்காவின் போட்லண்ட் நகரிற் கூடிய ஆய்வாளர், ஒரே இயல்புடைய பல மொழிகள் சிதறிக் கிடப்பதைக் கண்டு பொதுமொழியொன்றை வகுக்க முற்பட்டனர். முதிர்ந்த மொழியாயிருந்த மிராண்டாவை அடிப்படையாக்க அதன் ஆசிரியர் டேவிட் டேர்னர் இசையவில்லை. 1990 இல் வெளிவந்த ஹாஸ்கல் அறிக்கையோ எவரும் தொகுப்பி ஆக்குவதற்கு இடமளித்தது. கிளாஸ்கோவில் ஜி.எச்.சி., சுவீடனின் சால்மர்சில் லெனார்ட் ஓகஸ்ட்சனின் எச்.பி.சி., சிறிய நினைவகத்துக்கென எழுந்து யோர்க்கில் வளர்ந்த என்.எச்.சி.98, உட்ரெக்ட்டில் யூ.எச்.சி. எனப் பல தோன்றின. மாணவர் பலர் பயின்ற ஹக்ஸ் தொகுப்பியன்று. நிரலை உடனுக்குடன் நிறைவேற்றுவது. அதன் இறுதி வெளியீடு 2006 இல் வந்தது.

இன்று நடைமுறையில் ஜி.எச்.சி. ஒன்றே நிலைத்துள்ளது. இதனை ஒரு கம்பனியின் சதியெனக் கொள்வது கொச்சையான பொருள்முதல்வாதம். அதன் மூலநிரல் யாவர்க்கும் திறந்தது. வேறுபாடு உழைப்பிலேயே உள்ளது. ஏனையவை ஓரிருவரின் பல்கலைக்கழக ஆண்டுகளைப் பெரிதும் நம்பியிருக்க, ஜி.எச்.சி.யின் தலைமகனான சைமன் பெய்ட்டன் ஜோன்ஸ் 1998 முதல் 2021 வரை மைக்ரோசொப்ட் ஆய்வகத்திலிருந்து அதனை வளர்க்க முடிந்தது. அது தன் ஆய்வின் பேறாகப் புதிய நீட்சிகளைச் சேர்த்தது. நூலகங்கள் அவற்றைக் கொண்டே எழுதப்பட்டன. விளைவு யாது? 2010 ஆம் ஆண்டின் நியமத்தை வழுவாது பின்பற்றும் தொகுப்பியொன்று இன்றைய நூலகங்களுட் பலவற்றைத் தொகுக்க மாட்டாது. 2021 இல் ஜி.எச்.சி. தன் நீட்சிகளின் தொகுதியொன்றைத் தானே அறிவித்து அதற்குத் தன் பெயரையே இட்டது. தொகுப்பி மொழியைப் பின்பற்றிய காலம் போய், மொழி தொகுப்பியைப் பின்பற்றுகின்றது. சட்டத்தில் பொதுவுடைமை, கருத்தளவில் மட்டுமே மாற்றீடு.

மேலும், ஜி.எச்.சி.யை மூலத்திலிருந்து ஆக்க முந்தைய ஜி.எச்.சி. ஒன்று வேண்டும். இந்நிலையில் ஓகஸ்ட்சன் அண்மையில் ஆக்கிய மைக்ரோஎச்.எஸ். கவனத்துக்குரியது. நிரலை மாறிகளற்ற சிறு சேர்ப்பிகளாக்கும் அதன் முறை, 1979 இல் டேர்னர் கையாண்டது. சி மொழித் தொகுப்பி ஒன்றிருந்தாற் போதும், அதனைக் கட்டியெழுப்பலாம். அது தரும் நிரல்கள் ஜி.எச்.சி. தருவனவற்றிலும் மிக மந்தமானவை. வேகத்தையே அளப்போர் இதனை விளையாட்டெனத் தள்ளுவர், தள்ளட்டும். ஒருவர் முழுமையாக வாசித்து விளங்கிக்கொள்ளத்தக்க அளவினதாய் இன்றும் ஒரு தொகுப்பி ஆக்கப்படுகின்றது.